மாதிரி விமான எஞ்சினின் சத்தத்தை அளப்பது எப்படி? முதன்முறை அளப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“என் எஞ்சின் 88 டெசிபல்தான்” என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை மீட்டர் தள்ளி அளந்தது? தரை புல்லா, கான்கிரீட்டா? எந்த புரொப்பெல்லர் (சுருக்கமாக ப்ராப்), எத்தனை ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று)? ஒலிமட்ட மீட்டர் ‘ஏ’ எடையில் இருந்ததா, ‘சி’ எடையில் இருந்ததா? இவை தெரியாத 88, இன்னொருவர் கையில் 80 ஆகவும் வரலாம், 95 ஆகவும் வரலாம். எஞ்சின் முழு த்ராட்டிலில் (முழு விசையில்) ஓடும் நேரம் மொத்தமே இரண்டு மூன்று நிமிடம்தான். மீதி வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தப்புகள் நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

கீழே வரும் எண்கள் எல்லாம் ‘ஏ’ எடையிட்ட டெசிபல், அதாவது மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிட்டவை.

1. முதலில் விதியைப் படியுங்கள், பிறகு மீட்டரைத் தொடுங்கள்

நீங்கள் பறக்கும் மைதானமோ கலந்துகொள்ளும் போட்டியோ எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று கேட்டு, அதன் நடப்புப் பதிப்பை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: தூரம், மைக்கின் உயரம், தரையின் வகை, மைக் நிற்க வேண்டிய பக்கம், வரம்பு.

ஒவ்வொரு விதியும் வேறு தூரத்தைச் சொல்லும். உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் எஃப்3ஏ (ரேடியோ கட்டுப்பாட்டுச் சாகச விமானம்) போட்டி விதியில் நெடுங்காலமாக இருந்துவந்த அளவு 3 மீட்டர். மைக் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், விமானத்தின் வலப்பக்கம், காற்று போகும் திசையில் நிற்கும். வரம்பு, கான்கிரீட் போன்ற கெட்டித் தரையில் 94, புல்லில் 92. பிரிட்டனின் 1982 நடைமுறைக் கோவையோ 7 மீட்டரில் 82 என்கிறது. 94-ஐயும் 82-ஐயும் பார்த்தவுடன் 12 டெசிபல் வித்தியாசம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை.

தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். பொதுக் கணக்கு: 20-ஐ (புதிய தூரம் ÷ பழைய தூரம்) என்பதன் பத்தடிமான மடக்கையால் பெருக்குங்கள். 3 மீட்டரிலிருந்து 7 மீட்டருக்குப் போனால் 7.4 குறையும். அதாவது 7 மீட்டரில் 82 என்பது 3 மீட்டரில் ஏறக்குறைய 89.4. அந்த விதி கடுமையானதுதான், ஆனால் 12 அல்ல, நாலரை டெசிபல் அளவுக்கு. இந்தக் கணக்கு ஒரு மதிப்பீட்டுக்கு மட்டுமே. தேர்ச்சியா இல்லையா என்று முடிவு செய்ய, விதி சொல்லும் தூரத்திலேயே அளக்க வேண்டும்.

2. கருவிகளும் செலவும்

ஒலிமட்ட மீட்டரின் உடலிலோ கையேட்டிலோ ‘ஐ.இ.சி. 61672, இரண்டாம் வகுப்பு’ (ஒலிமட்ட மீட்டருக்கான சர்வதேசத் தரநிலை) என்று இருக்கிறதா பாருங்கள். மைதான வேலைக்கு அது போதும். முதல் வகுப்பு மீட்டர் பல மடங்கு விலை; எஞ்சின் ஒவ்வொரு முறையும் ஒரு டெசிபல் கூடக்குறைய ஓடும் இடத்தில் அந்தக் கூடுதல் துல்லியம் வீண். வகுப்பே குறிப்பிடாத மலிவு மீட்டரை, மாற்றத்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒப்பிட வைத்துக்கொள்ளலாம். யாரையும் தகுதி நீக்க அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மீட்டரில் ஏ எடை, ‘ஃபாஸ்ட்’ (125 மில்லி வினாடி வேகத்தில் படிப்பது), ‘மேக்ஸ் ஹோல்ட்’ (வந்த உச்ச எண்ணைத் திரையில் நிறுத்தி வைப்பது) மூன்றும் இருக்க வேண்டும். மைக் அரை அங்குலக் குழாய் வடிவில் இருந்தால் நல்லது. காலிபிரேட்டரின் வாய் அந்த அளவுக்குத்தான் பொதுவாக வரும்.

காலிபிரேட்டர் என்பது 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் ஒலியைத் தரும் சின்னக் கருவி. பலர் இதை வாங்காமல் விடுவதற்குக் காரணம் விலை. சில சமயம் இரண்டாம் வகுப்பு மீட்டருக்குச் சமமாகவே இருக்கும். இது இல்லாமல் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப எந்த ஆதாரமும் இல்லை. எனவே பணம் குறைவென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மீட்டரும் ஒரு காலிபிரேட்டரும் வாங்குங்கள். ஆளுக்கொரு மீட்டர் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

கைப்பேசிச் செயலி? அதன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பல கைப்பேசிகள் சத்தம் கூடும்போது தாமாகவே உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். 3 மீட்டரில் இரண்டு எஞ்சின்களுக்கு 5 டெசிபல் வித்தியாசம் இருந்தாலும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டிவிடக்கூடும்.

இவை தவிர: ட்ரைபாட், மைக்குக்கான ஃபோம் உறை, 10 மீட்டர் அளவு நாடா, சாக்குக்கட்டி அல்லது ஆணிகள், ஆப்டிக்கல் டேக்கோமீட்டர் (ப்ராப்பின் ஆர்.பி.எம்.மை ஒளியால் படிக்கும் கருவி), இருவருக்கும் காதுக் கவசம், மீட்டருக்குப் புது பேட்டரி. பேட்டரி சோர்ந்தால் சில மீட்டர்கள் எச்சரிக்கை காட்டாமலே குறைத்துக் காட்டும். டேக்கோமீட்டரில் பிளேடு எண்ணிக்கையைச் சரியாக வையுங்கள். மூன்று பிளேடு ப்ராப்பை இரண்டு பிளேடு அமைப்பில் படித்தால் 9000 என்பது 13,500 ஆகிவிடும். குழல் விளக்கின் கீழும் படிக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு பிளேடு அமைப்பில் அது எஞ்சினே இல்லாமல் 3000 என்று காட்டக்கூடும். (டேக்கோமீட்டர் சரியா என்று வீட்டிலேயே சோதிக்க இது நல்ல வழியும்கூட.)

3. காகிதங்கள்

இரண்டு போதும். ஒன்று, மீட்டருக்கும் காலிபிரேட்டருக்கும் ஆய்வகம் தந்த அளவுத்திருத்தச் சான்று. அதிலுள்ள வரிசை எண் கருவியில் உள்ள எண்தானா என்று பாருங்கள். வேறு மீட்டரின் சான்றைக் கோப்பில் வைத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. தேதி காலாவதி ஆகியிருந்தால் போட்டிக்கு முன் பல வாரங்கள் மிச்சம் வைத்து அனுப்புங்கள். ஆய்வகங்களில் வரிசை இருக்கும், செலவும் ஒவ்வொரு முறையும் வரும்.

மற்றொன்று அளவுப் படிவம். விமானத்துக்கு ஒன்று. எழுத வேண்டியவை: தேதி, நேரம், காற்றின் வேகமும் திசையும், வெப்பநிலை, தரை வகை, தூரம், மைக் உயரம், மீட்டரின் வரிசை எண், தொடக்கத்திலும் முடிவிலும் காலிபிரேட்டர் காட்டிய எண், பின்னணிச் சத்தம், எஞ்சினின் கொள்ளளவு, சைலன்சர் வகை, எரிபொருள், ப்ராப்பின் விட்டமும் பிட்ச்சும் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்), ஆர்.பி.எம்., ஒவ்வொரு பக்கத்து அளவு. ஆர்.பி.எம். கட்டம் காலியாக உள்ள படிவத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

4. இடமும் நேரமும்

சுவர், கார், வேலி, கூடாரம் எதுவும் அருகில் இல்லாத வெட்டவெளி வேண்டும். எஞ்சினிலிருந்து அந்தப் பொருளுக்குப் போய்ப் பட்டு மைக்குக்குத் திரும்பும் பாதை, நேர்ப்பாதையைப் போல மூன்று மடங்காவது நீளமாக இருந்தால் எதிரொலி ஒன்பதரை டெசிபல் கீழே போய்விடும். 7 மீட்டர் அளவுக்கு அந்தப் பாதை 21 மீட்டர். திறந்த கார் பூட் ஒன்று மைக்குக்குப் பின்னால் நின்றால் அதுவே ஒரு டெசிபலைக் கூட்டக்கூடும். மனிதர்களும் பிரதிபலிப்பார்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால் போகட்டும்.

அதிகாலை நல்லது. காற்று குறைவு, மற்ற எஞ்சின்கள் ஓடாது. காற்று வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் ஃபோம் உறை இருந்தாலும் மைக்கின் மீது காற்று உரசும் சத்தம் சேர ஆரம்பிக்கும், தள்ளிப்போடுங்கள்.

எஞ்சினைக் கிளப்பும் முன் பின்னணிச் சத்தத்தை ஒரு நிமிடம் பாருங்கள். அது எஞ்சின் அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் கீழே இருந்தால் மறந்துவிடலாம். வித்தியாசம் 6 என்றால் கிடைத்த எண்ணில் 1.3 கழியுங்கள், 5 என்றால் 1.7, 4 என்றால் 2.2. வித்தியாசம் 3-க்கும் கீழே போனால் கழித்துப் பயனில்லை, இடம் மாறுங்கள்.

புல் என்றால் வெட்டிய குட்டைப் புல். முழங்கால் உயரப் புல்லில் எடுத்த எண், விமானத்துக்குச் சாதகமாகப் பொய் சொல்லும்.

5. மைக்கை நிறுத்துவது

தூரத்தை எஞ்சினிலிருந்து நாடாவால் அளந்து, மைக்கின் முனைக்கு நேர் கீழே குறியிடுங்கள். காலடிகளை எண்ணி அளக்க வேண்டாம். 3 மீட்டரில் 10 செ.மீ. பிசகினால் 0.3 டெசிபல்தான் மாறும், ஆனால் அரை மீட்டர் பிசகினால் 1.3 போய்விடும்.

உயரத்தில் கவனக்குறைவு இன்னும் மோசம். எஞ்சின் ஒலி மைக்குக்கு இரண்டு வழிகளில் வருகிறது: நேராக ஒன்று, தரையில் பட்டு ஒன்று. இரண்டு பாதைகளின் நீள வித்தியாசம் ஓர் அலைநீளத்தில் பாதியாக இருக்கும் அலைவெண்ணில் அவை ஒன்றையொன்று அழிக்கும். எஞ்சினும் மைக்கும் 30 செ.மீ. உயரத்தில், 3 மீட்டர் இடைவெளியில் இருந்தால் அந்தப் பள்ளம் 2900 ஹெர்ட்ஸ் அருகே விழும். மைக்கை 1.2 மீட்டருக்கு உயர்த்தினால் அதே பள்ளம் 770 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, எஞ்சின் ஒலியின் முக்கியப் பகுதியைத் தின்றுவிடும். விதி 30 செ.மீ. என்றால் 30 செ.மீ.தான்.

மைக்கை எஞ்சினை நோக்கித் திருப்ப வேண்டுமா, சாய்க்க வேண்டுமா என்பது மைக்கின் வகையைப் பொறுத்தது. மீட்டரின் கையேடு சொல்லும். ஃபோம் உறையைக் காற்றே இல்லாத நாளிலும் மாட்டுங்கள்.

இப்போது இந்த வேலையிலேயே ஆபத்தான விஷயம். பக்கவாட்டில், எஞ்சினுக்கு நேராக மைக் வைக்கிறோம் என்றால் அது ப்ராப் சுழலும் தளத்துக்கு நேராகவோ மிக அருகிலோ இருக்கிறது என்று அர்த்தம். பிளேடு உடைந்தால் துண்டு பறக்கும் திசை அதுதான். ஆகவே மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே யாரும் நிற்கக் கூடாது. ட்ரைபாடில் மாட்டி, மேக்ஸ் ஹோல்டை அழுத்திவிட்டு, இறக்கைக்குப் பின்னால் வந்துவிடுங்கள். எஞ்சின் நின்ற பிறகு போய் எண்ணைப் படிக்கலாம். இதற்காகத்தான் ட்ரைபாடையும் மேக்ஸ் ஹோல்டையும் மேலே வலியுறுத்தியது.

6. காலிபிரேட் செய்வது

மீட்டரும் காலிபிரேட்டரும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர 15 நிமிடம் விடுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்த உடனே மாட்டினால் மைக்கில் ஈரம் படியலாம். ஃபோமைக் கழற்றி, காலிபிரேட்டரை முழுக்க உட்காரும்வரை தள்ளி, 94.0 வரும்வரை சரிசெய்யுங்கள். அரைகுறையாக உட்கார்ந்தால் எண் குறைவாக வரும். அதைச் சரியென்று நினைத்துத் திருகியைக் கூட்டினால், பிறகு எல்லா விமானமும் அதிகச் சத்தமாகத் தெரியும்.

எல்லா அளவும் முடிந்தபின் மறுபடி மாட்டிப் பாருங்கள். அரை டெசிபலுக்கு மேல் நகர்ந்திருந்தால் அன்றைய அளவுகள் செல்லாது. கசப்பான விஷயம்தான், ஆனால் எட்டு விமானம் அளந்து முடித்த பிறகு தெரிவதைத் தவிர்க்க நடுவிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

7. எஞ்சினைத் தயாராக்குவது

பறக்கும்போது எந்த ப்ராப், எந்த எரிபொருள், எந்த பிளக்கோ அதுவேதான் இங்கேயும். தொட்டியில் பாதி எரிபொருள் போதும்; 7.5 சி.சி. குளோ எஞ்சின் (மெத்தனால் எரிபொருளில், சூடான கம்பியுள்ள பிளக்கால் ஓடுவது) முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மி.லி. குடிக்கும்.

ஒரு நிமிடம் சூடேற்றி, நீடிலை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகியை) உச்ச ஆர்.பி.எம். வரை இறுக்கி, அங்கிருந்து வழக்கம்போல 200–300 ஆர்.பி.எம். குறையும்வரை திறந்துவிடுங்கள். இங்கேதான் குறுக்குவழி தேடுகிறவர்கள் விளையாடுவார்கள்: நீடிலை நன்றாகத் திறந்து, எஞ்சின் ஆயிரம் ஆர்.பி.எம். குறைவாக ஓடும்போது அளந்து ‘பாஸ்’ வாங்கிவிடுவார்கள். படிவத்தில் ஆர்.பி.எம். கேட்பதன் காரணம் இதுவே.

விமானத்தை ஒருவர் உறுதியாகப் பிடிக்க வேண்டும், அல்லது வாலுக்கு முன் முளை அடித்துக் கட்ட வேண்டும். மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

8. அளப்பது

முழு த்ராட்டில், ஐந்து வினாடி நிலைப்படட்டும், மேக்ஸ் ஹோல்டை மீட்டமைத்த பிறகு பத்து வினாடி. அதே நேரத்தில் பின்னாலிருந்து டேக்கோமீட்டரில் ஆர்.பி.எம். காதுக் கவசத்தோடு வாய்ப்பேச்சு நடக்காது. கை சைகைகளை முன்பே பேசி வையுங்கள். மீட்டமைக்க ஆள் மைக்கருகே போக வேண்டியிருந்தால், த்ராட்டிலை இறக்கி ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) வைத்து மீட்டமைத்துவிட்டு வந்து பிறகு ஏற்றுங்கள். அப்போது த்ராட்டில் ஏறும் கணத்து உச்சமும் பதிவாகும், பரவாயில்லை, மூன்று முறை எடுத்தால் தெரிந்துவிடும்.

மூன்று அளவுகளும் ஒரு டெசிபலுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் நிலையாக ஓடவில்லை, அல்லது காற்று வீசியிருக்கிறது.

விதி ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அந்தப் பக்கம் போதும். நான்கு பக்கமும் கேட்டால் மைக்கை நகர்த்தாமல் விமானத்தைத் திருப்புங்கள். சில விதிகள் நான்கில் அதிகமானதை எடுக்கும், சில சராசரியை. சராசரி என்றால் டெசிபல்களைக் கூட்டி நான்கால் வகுக்கக் கூடாது. 78, 86, 77, 81 என்ற நான்கையும் அப்படி வகுத்தால் 80.5 வரும், ஒவ்வொன்றையும் ஆற்றலாக (டெசிபலைப் பத்தால் வகுத்து, 10-இன் அடுக்காக) மாற்றிச் சராசரி எடுத்து மறுபடி டெசிபலாக்கினால் 82.0. வரம்பு 81 என்றால் இந்த ஒன்றரை டெசிபலில் முடிவே மாறிவிடும்.

முதல் விமானத்துக்கு, அமைப்பது உட்பட, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்.

9. வரம்பைத் தாண்டினால்

இரண்டாம் வகுப்பு மீட்டர், தரை, வானிலை எல்லாம் சேர்ந்து இரண்டு டெசிபல் வரை ஆட்டும். எனவே வரம்புக்கு 2 டெசிபல் கீழே குறிவையுங்கள். சரியாக வரம்பில் நிற்கும் விமானம் அடுத்த வாரம் தோற்கும்.

சத்தம் நான்கு இடங்களிலிருந்து வருகிறது: எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி), ப்ராப், கார்புரேட்டர் வாய், அதிரும் உடல். எது பெரியது என்று தெரியாமல் சைலன்சர் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை. ஓர் உதாரணம்: எக்ஸாஸ்ட் தனியாக 88, ப்ராப் தனியாக 85 என்றால் மொத்தம் 89.8. எக்ஸாஸ்ட்டை 6 குறைத்தால் மொத்தம் 86.8 ஆகும், மூன்று லாபம். இன்னொரு 6 குறைத்தால் 85.5 தான். இரண்டாவது சைலன்சருக்குச் செலவழித்த பணத்துக்குக் கிடைத்தது 1.3.

கைப்பேசியின் அலைவெண் வரைபடத்தை வைத்து எக்ஸாஸ்ட்டையும் ப்ராப்பையும் பிரித்துவிடலாம் என்று பலர் முயல்வார்கள். இரு ஸ்ட்ரோக் எஞ்சின் 12,000 ஆர்.பி.எம்.இல் வினாடிக்கு 200 முறை வெடிக்கும். இரண்டு பிளேடு ப்ராப் 400 ஹெர்ட்ஸ் தரும். ஆனால் 400 எக்ஸாஸ்ட்டின் இரண்டாவது மடங்கும்கூட. கியர் இல்லாமல் நேரடியாக மாட்டிய ப்ராப் எப்போதும் இப்படி மடங்கிலேயே விழும், பிரிக்க முடியாது. அதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட் வாயில் ஒரு சிலிக்கோன் குழாய் மாட்டி, மைக்குக்கு எதிர்ப்பக்கம் திருப்பி அளந்து பாருங்கள். 2 டெசிபலுக்கு மேல் இறங்கினால் எக்ஸாஸ்ட்தான் தலைவர். அசையாவிட்டால் ப்ராப்பைப் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் என்றால் முதலில் சைலன்சர் போல்ட். இணைப்பில் கறுப்பு எண்ணெய்க் கோடு தெரிந்தால் அங்கே கசிகிறது. கேஸ்கெட்டோ வெப்பம் தாங்கும் சிலிக்கோனோ போட்டால் செலவே இல்லாமல் குறையும். உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டை முன்பு யாராவது ‘பவருக்காக’ எடுத்திருக்கிறார்களா என்றும் திறந்து பாருங்கள். அதன்பிறகுதான் பெரிய கன அளவுள்ள சைலன்சர். வாயை மட்டும் சிறிதாக்குவது வேண்டாம். சத்தம் குறையும், எஞ்சின் கொதிக்கும்.

ப்ராப் என்றால் முனை வேகம், அதாவது பிளேடு நுனி சுழலும் வேகம். அங்குல விட்டம் × ஆர்.பி.எம். × 0.00133 = வினாடிக்கு மீட்டர். 11 அங்குலம், 12,000 என்றால் 176, ஒலிவேகத்தில் பாதி. 180-க்குள் வைக்கப் பாருங்கள். 200-ஐத் தாண்டினால் எந்த சைலன்சரும் காப்பாற்றாது. இங்கே ஒரு பொறி: ஆர்.பி.எம். குறைய வேண்டுமென்று விட்டத்தைக் கூட்டுவது. 10 அங்குலம் 13,000-இல் 173. 12 அங்குலம் 11,500-இல் 184. ஆர்.பி.எம். இறங்கியது, முனை வேகம் ஏறிவிட்டது! விட்டத்தை அப்படியே வைத்துப் பிட்ச்சைக் கூட்டுங்கள், அல்லது விட்டம் குறைந்த மூன்று பிளேடுக்குப் போங்கள்: 10 அங்குலம் 10,800-இல் 144. பாரம் கூடியதால் நீடிலை மறுபடி சரிசெய்து, முதல் இரண்டு பறப்புகளில் எஞ்சின் சூட்டைக் கவனியுங்கள்.

இரண்டையும் குறைத்தும் இறங்கவில்லை என்றால் உடல் அதிர்கிறது. பிளாஸ்டிக் படலம் இழுத்து ஒட்டிய இறக்கை ஒரு பறை மாதிரி. எஞ்சின் மவுண்ட்டுக்கு ரப்பர் வைப்பது உதவும், ஆனால் ப்ராப்பைச் சமன் செய்யாமல் அதைச் செய்யாதீர்கள். கார்புரேட்டர் சத்தம் பெரும்பாலும் கடைசியில்தான் வெளியே கேட்கும். எஞ்சினை மூடிய கவுலிங்குக்குள் (எஞ்சினைச் சுற்றி வரும் மூக்கு உறைக்குள்) வைத்தால் அதுவும் அடங்கும், குளிர்காற்றுக்கு வழி விட்டிருந்தால்.

மாற்றத்தை ஒன்றொன்றாகச் செய்து ஒவ்வொன்றுக்கும் புதுப் படிவம் எழுதுங்கள்.

10. எப்போது மறுபடி அளப்பது

ப்ராப்பின் அளவோ தயாரிப்போ, சைலன்சர், எரிபொருளின் நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) விகிதம் இவற்றில் எது மாறினாலும் பழைய எண் போயிற்று. கீழே விழுந்து எழுந்த விமானத்துக்கும் அப்படியே. சைலன்சர் இணைப்புதான் முதலில் தளரும். தரையில் எடுத்த எண்ணை வானத்துக்கு அப்படியே கொண்டுபோகவும் முடியாது. பறக்கும்போது ப்ராப்பின் பாரம் குறைந்து ஆர்.பி.எம். 5 முதல் 10 விழுக்காடு ஏறும், தலைகுப்புறப் பாய்ந்தால் இன்னும் ஏறும். முனை வேகத்தைக் கணக்கிடும்போது தரை ஆர்.பி.எம்.மை 1.1-ஆல் பெருக்கி ஒருமுறை போட்டுப் பாருங்கள். 176 என்பது 193 ஆகும்.